வேகமான லென்ஸும் விடுபட்டவர்களும்

கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858ல் மதுரையில் எடுத்த புகைப்படங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அந்த ஊரில் அப்போது ஆட்களே இல்லையா? புது மண்டபம் இருக்கிறது. கட்டி முடிக்காமல் விட்ட ராய கோபுரத்தின் தூண்கள், அவற்றின் ஒவ்வொரு மடிப்பும் எண்ணிவிடலாம் என்கிற தெளிவில் இருக்கின்றன. பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலும் இருக்கிறது. ஆனால் பூக்காரி இல்லை, மாட்டு வண்டிக்காரர் இல்லை, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவர் இல்லை. அந்த மதுரையில் எந்த நாளிலும் அந்த இடங்கள் அவ்வளவு வெறிச்சோடிக் கிடந்திருக்க வழியே இல்லை. எங்கள் திண்டுக்கல்லிலிருந்து அறுபது சொச்சம் கிலோமீட்டர்தான் மதுரை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். புது மண்டபத்தை ஆள் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

ஆட்கள் இருந்தார்கள். டிரைப்பின் கேமராவுக்குத்தான் அவர்கள் தெரியவில்லை. மெழுகு ஏற்றிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்தார் அவர். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நடந்து போகிறவர் காகிதத்தில் பதிவதில்லை. கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுப் போனவர் புகை மாதிரி ஒரு கறையாக மிஞ்சுவார். அசையாமல் இருந்தது கல் மட்டும்தான். கல் மட்டும் வரலாற்றில் ஏறியது.

‘நல்ல படம் எடுக்க விலை உயர்ந்த லென்ஸ் வேண்டுமா’ என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு இந்த ஆளில்லா மதுரைதான் ஞாபகம் வரும். இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. கடைக்காரர் சொல்வது ஒன்று: வேண்டும், உடனே வேண்டும். வாங்க முடியாதவரும் வாங்கி முடித்தவரும் சேர்ந்து சொல்வது இன்னொன்று: கருவியில் என்ன இருக்கிறது, கண்தான் முக்கியம். இரண்டுமே பாதி உண்மை. லென்ஸ் எதை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

புகைப்படக்காரர்கள் ‘வேகமான லென்ஸ்’ என்று சொல்வது ஓடுகிற லென்ஸை அல்ல. அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகிற லென்ஸ் அது. அகலமான துளை வழியே வெளிச்சம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஷட்டரைச் சட்டென்று மூடிவிடலாம், அதனால் வேகம். வயலுக்கு மடை திறக்கிற மாதிரிதான். மடை அகலமாக இருந்தால் பாத்தி சீக்கிரம் நிரம்பும். அந்த அகலத்தை எஃப் எண்ணால் குறிக்கிறார்கள். எண் சின்னதாக ஆக ஆக மடை பெரிது. எஃப் 5.6லிருந்து எஃப் 2.8க்கு வந்தால் வெளிச்சம் நாலு மடங்கு. 

1839ல் பாரிஸில் டாகேர் தன் முறையை உலகுக்கு அறிவித்தபோது புழக்கத்தில் இருந்த லென்ஸ்களின் மடை மிகச் சின்னது. எஃப் 16 அளவில் இருந்தது. வெயிலில் உட்கார்ந்து பல நிமிடம் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இருந்தால்தான் முகம் பதியும். அடுத்த வருஷமே, 1840ல், வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசஃப் பெட்ஸ்வால் எஃப் 3.6 லென்ஸ் ஒன்றை வடிவமைத்தார். வெளிச்சக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 20 மடங்கு. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இந்தக் கதையில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. அதுவரை லென்ஸ் என்பது தேய்த்துப் பார்த்து, மறுபடி தேய்த்துப் பார்த்துச் செய்யும் கைத்தொழில். பெட்ஸ்வால் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்னால் கணக்கைப் போட்டு முடித்தார். பீரங்கிப் படையில் குண்டு விழும் பாதையைக் கணக்கிடுவதில் பழகிய ஆட்கள் அவருக்கு உதவிக்குத் தரப்பட்டார்கள். ஒளிக்கதிர் போகும் பாதையை அவர்கள் உட்கார்ந்து கணக்கிட்டார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல் மனிதர்களைக் குறித்த காலம் அது.

மனித முகம் புகைப்படத்துக்குள் வந்தது அந்த லென்ஸால்தான். முதல் வேகமான லென்ஸ் ஒரு தேவையிலிருந்து பிறந்தது. மனிதனால் அசையாமல் இருக்க முடியாது என்பதுதான் அந்தத் தேவை.

அப்படியானால் 18 வருஷம் கழித்து மதுரைக்கு வந்த டிரைப் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை? அவருக்கு வேண்டியது வேறு. பெட்ஸ்வால் லென்ஸில் நடுப்பகுதிதான் கூர்மை. ஓரத்துக்குப் போகப் போகப் படம் சுழன்று கலங்கிவிடும். முகத்துக்கு அது போதும். கோபுரத்துக்குப் போதாது. டிரைப்பின் நெகட்டிவ் ஏறத்தாழ 12க்கு 15 அங்குலம். அதன் நாலு மூலையிலும் கல் தெளிவாக இருக்க வேண்டும். மதராஸ் மாகாண அரசு அவரை நியமித்ததே கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் பதிவு செய்யத்தான். அதே 1858ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். எழுத்து எங்கும் ஓடிப்போகாது. மெதுவான லென்ஸ் அந்த வேலைக்குச் சரியான லென்ஸ்.

டிரைப்பின் வேலை முடிந்துபோனதும் கருவிச் செலவு பற்றிய பேச்சில்தான். 1859ல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், 1857க்குப் பிந்தைய பணமுடையில் இந்தப் புகைப்படத் துறையே அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று முடிவு செய்து வேலைகளை நிறுத்தினார். அடுத்த வருஷம் அது மூடப்பட்டது. ‘இவ்வளவு செலவில் இந்தச் சாமான் தேவையா?’ என்ற கேள்வி நம் பக்கத்தில் முதன்முதலாகக் கேட்கப்பட்டது அநேகமாக அப்போதுதான் இருக்கும். கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் ஆளுநர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் டிரைப் எடுத்த படங்களில் உள்ள பல இடங்கள் அதற்கப்புறம் மாறிவிட்டன, அந்த நிலையில் அவற்றைப் பார்க்க வேறு வழி இல்லை. செலவு சரியா தப்பா என்பது படம் எடுத்து எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நூறு வருஷம் தள்ளி வருவோம். எங்கள் வீட்டில் அப்பத்தாவின் கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. 1961ல் எடுத்தது. ஊரிலிருந்து வண்டி கட்டிப் போய் திண்டுக்கல் டவுனிலிருந்து ஸ்டுடியோக்காரரை அழைத்து வந்தார்களாம். மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, கறுப்புத் துணி. அன்றைக்கு எடுத்தது மொத்தம் இரண்டே படம். ஒன்று மாப்பிள்ளையும் பெண்ணும். இன்னொன்று வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, முன்வரிசையில் பிள்ளைகள் தரையில், அடுத்து பெரியவர்கள் உட்கார்ந்து, பின்னால் இரண்டு வரிசை நின்று எடுத்த குடும்பப் படம். நான் எண்ணியிருக்கிறேன். 43 முகம். ஒரே ஒரு பையன் மட்டும் தலையை ஆட்டிக் கலங்கிப் போயிருக்கிறான். மற்ற 42 பேரையும் அப்பத்தாவால் பெயர் சொல்ல முடியும். பின்னால் ஓட்டு வீட்டுத் திண்ணையும் அதில் சாத்தி வைத்த கலப்பையும்கூடத் தெரிகிறது.

அந்த ஸ்டுடியோக்காரர் கலை என்று எதையும் யோசித்திருக்க மாட்டார். அத்தனை பேரும் தெளிவாக விழ வேண்டுமென்றால் துளையைச் சின்னதாக்க வேண்டும். சின்னதாக்கினால் நேரம் அதிகம் வேண்டும். அதனால் ‘அசையாதீங்க, அசையாதீங்க’ என்று சத்தம் போட்டார். திண்டுக்கல் பக்கத்து வெயிலுக்கு ஒரு குறையும் இல்லை. சமவெளி, மழை கம்மி, வருஷத்தில் பெரும்பாலான நாள் வானம் வெறிச்சென்று இருக்கும். நடுப்பகல் வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில் எஃப் 16 வைத்தால் நூறில் ஒரு பங்கு நொடி போதும் என்பது புகைப்படக்காரர்களின் பழைய மனக்கணக்கு. வெயில் இருக்கும்வரை வேகமான லென்ஸுக்கு இங்கே அவசியம் வரவில்லை.

வெயில் போன பிறகுதான் சிக்கல். இதற்கும் வரலாற்றில் நல்ல சாட்சிகள் உண்டு. 1920களில் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் என்று ஒரு சின்னக் கேமரா வந்தது. எஃப் 2, பிறகு எஃப் 1.8 லென்ஸ். எரிக் சாலமன் என்ற சட்டம் படித்த மனிதர் அதை வைத்துக்கொண்டு நீதிமன்றங்களிலும் ராஜதந்திர மாநாடுகளிலும் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்தார். கொட்டாவி விடுகிற அமைச்சர்களை உலகம் முதல் தடவையாகப் பார்த்தது. 1975ல் வெளியான ‘பாரி லிண்டன்’ படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக், நாசாவுக்கென்று ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸை வாங்கி வந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். அந்த லென்ஸ்கள் உலகத்தில் மொத்தம் பத்துதான். ஆடம்பரம் என்று அதைச் சொல்ல முடியாது. அந்தக் காட்சிக்கு வேறு வழி இல்லை. ஆனால் அதற்கும் விலை இருந்தது. தெளிவாக விழும் ஆழம் அவ்வளவு மெல்லிசு. நடிகர்கள் முன்னும் பின்னும் நகர முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே நடிக்க வேண்டியிருந்தது.

இந்த ‘ஆழம்’ என்பதைத்தான் கடையில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. துளை பெரிதானால் வெளிச்சம் வரும், ஆனால் ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் கலங்கும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். இயற்பியலில் இலவசம் கிடையாது.

எதிர்ப்பக்கத்துக்குச் சாட்சி சொல்ல நம் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். மா. கிருஷ்ணன், 1912ல் பிறந்தவர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950லிருந்து 1996ல் இறக்கும்வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். கானுயிர்ப் புகைப்படம் எடுத்தவர்களில் அவருக்கு இணை சொல்ல அதிகம் பேர் இல்லை. அத்தனையும் கறுப்பு வெள்ளை. முதுமலை யானைகளை அவர் எடுத்த படங்களில் தோலின் சுருக்கம் வரை தெரியும்.

அவர் எந்தக் கேமரா வைத்திருந்தார்? அதற்கு அவரே ஒரு பெயர் வைத்திருந்தார்: ‘சூப்பர் பாண்டரோசா’. கடையில் கிடைக்காது. ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் டெலிஃபோட்டோ லென்ஸ், மற்ற உதிரிகள் எங்கெங்கிருந்தோ வந்தவை, எல்லாவற்றையும் அவரே பொருத்திக்கொண்டது. அதை நேரில் பார்த்த இயற்கையாளர் இ. பி. ஜீ, பூட்ஸ் கயிற்றால் கட்டியிருந்ததைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எங்கேயாவது கம்பி கட்டித்தான் இருக்கும் என்கிற மாதிரிக் கேலியாக எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையைச் சொன்னவுடன் ‘பார்த்தாயா, கருவி முக்கியமே இல்லை’ என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கருவி முக்கியமில்லை என்று நினைத்திருந்தால் கிருஷ்ணன் உட்கார்ந்து அதைக் கட்டியே இருக்க மாட்டார். கைக்கு வந்த கேமராவோடு போயிருப்பார். தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு நுணுக்கமாகத் தெரிந்திருந்தது. அது கடையில் இல்லை, அதனால் செய்துகொண்டார். மீதியை அறிவால் ஈடுகட்டினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யானை எப்போது தண்ணீருக்கு வரும், எவ்வளவு கிட்டே போனால் அது பொறுத்துக்கொள்ளும் என்று தெரிந்தவருக்கு லென்ஸின் நீளமும் அகலமும் கொஞ்சம் குறைந்தால் பாதகமில்லை. நாற்பது வருஷக் காட்டு அனுபவம் அவருக்குக் கூடுதல் மடை.

அந்த அறிவுக்கும் ஒரு எல்லை உண்டு. அதைப் பார்க்க எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டாம். 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். வேடசந்தூர், நத்தம் பக்கத்து முள்காடுகளில் ராத்திரி நடமாடுகிற, இரண்டு கைக்குள் அடங்குகிற பிராணி. ‘தேவாங்கு மாதிரி முழிக்கிறான்’ என்று திட்டுவதற்கு மட்டும்தான் நம்மில் பலருக்கு அது தெரியும்.

அதைப் படம் எடுக்க எவ்வளவு வேகமான லென்ஸ் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பௌர்ணமி நிலா வெளிச்சம், ஐ.எஸ்.ஓ. 6400. எஃப் 5.6 லென்ஸ் என்றால் சுமார் 2 நொடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். எஃப் 2.8 என்றால் அரை நொடி. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கும் எஃப் 1.4 என்றாலும் எட்டில் ஒரு பங்கு நொடி. கிளைக்குள் நிழல் விழுந்தால் இன்னும் மோசம். மெதுவாக நகர்கிற தேவாங்குகூட அதில் கலங்கிவிடும். ஆக, காசால் இந்த இருட்டைத் தாண்ட முடியாது. செயற்கை வெளிச்சம் வேண்டும். அங்கேதான் வேறொரு கேள்வி வருகிறது. அந்தக் கண் இருட்டுக்கென்றே அமைந்தது. விழித்திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் படலம் இருந்து, தப்பிப் போன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அப்படிப்பட்ட கண்ணில் பளீரென்று ஃபிளாஷ் அடித்தால் அதற்கு எப்படி இருக்கும்? ஆராய்ச்சியாளர்கள் மங்கலான சிவப்பு விளக்கோடுதான் போகிறார்கள். சிவப்பு அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. அந்த வெளிச்சத்தில் எடுத்த படம் சொரசொரவென்றுதான் இருக்கும். இருக்கட்டும். சில படங்கள் சுமாராக இருப்பதே மரியாதை.

காட்டிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் லென்ஸ் வியாபாரம் நடப்பது இங்கேதான்.

என் சித்தப்பா மகன் திண்டுக்கல்லில் கல்யாணப் போட்டோகிராஃபர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு நாள் கூப்பிட்டான். “அண்ணே, எழுவது-எரநூறு, ரெண்டு பாயிண்ட் எட்டு வாங்கிரலாம்னு இருக்கேன். ரெண்டு லட்சம் பக்கம் வருது. அம்மா வளையலை வச்சா முன்பணம் தேறிரும், மிச்சம் இ.எம்.ஐ. என்ன சொல்றீங்க?”

வளையல் என்றதும் எனக்குத் திக்கென்றது. சித்தியிடம் இருப்பதே அந்த நாலு வளையல்தான். பொறியாளன் புத்தி, உடனே கணக்கில் இறங்கிவிட்டேன். நம் பக்கத்து மண்டபத்தில் மேடை விளக்கும் வீடியோ லைட்டும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சம் வரும் என்று அவனிடமே இருந்த பழைய படங்களிலிருந்து பின்னோக்கிப் பிடித்தோம். அவனிடம் ஏற்கனவே இருக்கிற எஃப் 5.6 லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தால் சுமார் 130ல் ஒரு பங்கு நொடி வருகிறது. தாலி கட்டுகிற கை அதில் நின்றுவிடும். எஃப் 2.8 வாங்கினால் 500ல் ஒரு பங்கு. தாலி கட்டுவதற்கு 500ல் ஒரு பங்கு நொடி எதற்கு? மாப்பிள்ளை கிரிக்கெட்டா ஆடுகிறார்?

ஃபிலிம் காலத்தில் இது இப்படி இல்லை. ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில் அதே மண்டபத்தில் எஃப் 2.8 லென்ஸே 16ல் ஒரு பங்கு நொடியில் திணறும். அந்தக் காலத்துக்காரர்கள் வேகமான லென்ஸுக்கு ஏங்கியதில் நியாயம் இருந்தது. சென்சார் வந்து வெளிச்சத்தை 32 மடங்கு மலிவாக்கிவிட்டது. லென்ஸ் தருவதோ 4 மடங்கு. அந்த 4 மடங்குக்கு, 200 மி.மீ. லென்ஸில் முன்கண்ணாடி 36 மி.மீ. விட்டத்திலிருந்து 71 மி.மீ. ஆக வேண்டும். கண்ணாடி பெருகினால் எடை ஏறும், விலை ஏறும். விலைக்குக் காரணம் இந்த வடிவியல், கம்பெனிக்காரர்களின் பேராசை கொஞ்சம்தான்.

வேகமும் விலையும் எப்போதும் ஒன்றாகப் போவதும் இல்லை. கோயில் மண்டபத்துக்குள் கல்யாணம், வீடியோ லைட் போட விடமாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எஃப் 5.6 உண்மையிலேயே தோற்றுவிடும். 16ல் ஒரு பங்கு நொடிதான் கிடைக்கும். ஆனால் பதினைந்து, இருபதாயிரத்துக்குள் கிடைக்கிற 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அங்கே 150ல் ஒரு பங்கு தரும். ஜூம் இல்லை, நடந்து கிட்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “நீங்க சொல்றதெல்லாம் சரிண்ணே. ஆனா பார்ட்டிக்காரய்ங்க முதல்ல கேக்குறது, பின்னாடி ப்ளர் வருமாங்கிறதுதான். பெரிய லென்ஸைக் கழுத்துல போட்டுட்டு நிக்கிறவனுக்கு ஒரு ரேட்டு, சின்ன லென்ஸ்காரனுக்கு ஒரு ரேட்டு.”

இதற்கு என் கணக்கில் பதில் இல்லை. அவனுக்கு அந்த லென்ஸ் பாதி கருவி, பாதி விசிட்டிங் கார்டு. தொழில் செய்கிறவனிடம் போய்க் கலை உபதேசம் செய்வது சுலபம், மாதா மாதம் சம்பளம் வருகிறவனுக்கு ரொம்பவே சுலபம். கலங்கலுக்குச் சந்தை இருக்கிறது என்பதும் உண்மை. 2013ல் லோமோகிராஃபி என்ற கம்பெனி பெட்ஸ்வாலின் பழைய லென்ஸைப் புதுசாகச் செய்து தருகிறோம் என்று மக்களிடம் பணம் திரட்டியது. பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஓரத்தில் படம் சுழன்று கலங்குகிறதே, டிரைப் போன்றவர்களுக்கு உதவாத அந்தக் குறை, அதைத்தான் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அந்தக் கலங்கலுக்குள் யார் போகிறார்கள் என்று நான் யோசிக்க ஆரம்பித்தது என் தங்கையின் கல்யாண ஆல்பத்தால். 2016ல் நடந்தது. முந்நூறுக்கு மேல் படம். ஒவ்வொன்றும் பத்திரிகை அட்டையில் போடலாம் போல இருக்கும். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் எங்கள் பெரிய அத்தை இறந்துபோனார். வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும். கல்யாணத்தில் இரண்டு நாளும் இருந்தவர், மேடையை விட்டு இறங்கவே இல்லை, எப்படியும் இருப்பார் என்று ஆல்பத்தைப் புரட்டினோம். இருந்தார். ஒன்பது படத்தில் இருந்தார். பெண்ணின் தோளுக்குப் பின்னால் மஞ்சளும் பச்சையுமாக ஒரு வட்டம். அந்தப் புடவை நிறத்தை வைத்துத்தான் அப்பா அடையாளம் சொன்னார். 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் இரண்டு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. பெண்ணின் மூக்குத்தியிலிருந்து கண் வரைக்கும் போதுமானது. அதற்குப் பின்னால் அத்தை மட்டுமில்லை, ஒரு தலைமுறையே நின்றிருந்தது.

படம் எடுத்தவர் மேல் தப்பில்லை. கேட்டதைக் கொடுத்தார். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு டிரைப்பின் மதுரை வேறு மாதிரி தெரிந்தது. மெதுவான லென்ஸ் நடந்து போனவர்களை அழித்தது. வேகமான லென்ஸ் பின்னால் அசையாமல் நின்றவர்களை அழிக்கிறது. டிரைப்புக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. சென்சார் கொடுத்த 32 மடங்கு வெளிச்சம் நம் கையில் இருக்கிறது. அதை எதில் செலவு செய்வது என்பதுதான் இப்போது கேள்வி. கலங்கலை வாங்கலாம். அல்லது துளையைச் சின்னதாக்கி, 1961ல் அப்பத்தா வீட்டு வாசலில் வெயில் தேவைப்பட்ட காரியத்தை மண்டபத்துக்குள்ளேயே செய்யலாம். விலை உயர்ந்த லென்ஸ் தேவையா என்றால் என் பதில் இதுதான்: படத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலே லென்ஸைச் சொல்லிவிடும். பல நேரம் அது ஏற்கனவே உங்கள் பையில் கிடக்கும்.

தம்பி கடைசியில் அந்த லென்ஸை வாங்கினான். வளையலை வைக்கவில்லை. ஒரு வருஷம் முகூர்த்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு, கையில் பாதிப் பணம் சேர்ந்த பிறகு பழைய லென்ஸ் ஒன்றாகப் பார்த்து வாங்கினான். நான் அவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதை அவன் இப்போது வழக்கமாகவே வைத்துக்கொண்டிருக்கிறான். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்னால், கேமரா வாங்கும்போது கூடவே வந்த சாதாரண லென்ஸை மாட்டிக்கொண்டு மேடையில் ஒரு நாற்காலி மேல் ஏறி, சபையைப் பார்த்துத் திரும்புகிறான். 18 மி.மீ., எஃப் 8. இரண்டு மீட்டரில் ஃபோகஸ். ஒரு மீட்டரிலிருந்து கடைசி வரிசை வரை தெளிவு. ஷட்டர் 60ல் ஒரு பங்கு நொடி. உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தாராளம். “எல்லாரும் ஒரு நிமிசம் இங்கிட்டுப் பாருங்க” என்று சத்தம் போடுகிறான். ஆல்பத்தில் அதைப் போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அதற்குத் தனியாகக் காசும் இல்லை. கடைசிப் பக்கத்தில் அவனாகவே ஒட்டிக் கொடுத்துவிடுகிறான்.

போன தை மாதம் ஒரு வீட்டுக்காரர் ஆல்பம் வாங்கிப்போய் ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தாராம். அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் பெரிசாக இன்னும் நாலு பிரிண்ட் வேண்டுமென்று.